நடுவில் ஒரு கார்லோஸ்

வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். இந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்னால் ஒரு வில்லியம். பின்னால் ஒரு வில்லியம்ஸ். இரண்டும் அசல் இங்கிலீஷ்ப் பெயர்கள். இரண்டுக்கும் நடுவிலே, முன்பின் தெரியாதவர்களின் பந்தியில் மாட்டிக்கொண்ட வெளியூர் விருந்தாளி மாதிரி, ஒரு கார்லோஸ்! இந்த ஸ்பானியர் இங்கே எப்படி வந்து உட்கார்ந்தார்? இந்த வாரம் அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் ஒரு மாமியார் மருமகள் சண்டை உண்டு. பளார் என்று ஓர் அறை உண்டு. ஆவி வந்து பேசுவதுகூட உண்டு. ஆகையால், "ஐயோ, கவிதை சமாசாரமா?" என்று பயந்து, பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம்.

வில்லியம்ஸ் 1883-ம் வருஷம் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தைச் சேர்ந்த ரூதர்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். நியூயார்க் நகரத்துக்குச் சமீபம். படித்தது வைத்தியம், பிழைத்ததும் வைத்தியத்தினால்தான். அதே ஊரில் நாற்பது வருஷ காலம் டாக்டராக இருந்தார். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார். ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தார். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் டைப்ரைட்டரைத் தட்டிக் கவிதை எழுதினார். அதுவும் இல்லாவிட்டால் மருந்துச் சீட்டின் மேலேயே எழுதினார். 1963 மார்ச்சில் அதே ஊரில் காலமானார். அவர் போன பிறகு, அதே வருஷம், அவருக்குப் புலிட்ஸர் பரிசு அளித்தார்கள். கொடுக்கிறவர்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

ஒரு தள்ளுவண்டியையும் சில கோழிகளையும் வைத்துக்கொண்டு இவர் பதினாறே வார்த்தைகளில் ஒரு கவிதை செய்தார். அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "இது கவிதைதானா?" என்று வாத்தியாரைக் கேட்காத வருஷம் இல்லை. படாடோபம் இல்லாத குட்டை வரிகள். வாசற்படியில் நின்று ஒருவர் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. "அமெரிக்கர்களின் பேச்சு இங்கிலீஷைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர்" என்று இவருக்குப் பெயர். அந்தப் பெயர் நியாயமானதுதான்.

ஆனால் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் பேசிய பாஷை இங்கிலீஷ் அல்ல, ஸ்பானிஷ்!

அவருடைய தாயாரின் முழுப் பெயர் ராக்கெல் ஹெலேன் ரோஸ் ஹோஹெப். எலேனா என்று அழைப்பார்கள். கரிபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், மயாகுவெஸ் என்ற துறைமுக ஊர் அவருடைய பிறந்தகம். அப்போது அந்தத் தீவு ஸ்பெயின் தேசத்து ஆட்சியில் இருந்தது. தகப்பனார் சிறு வயதிலேயே இறந்து போனார். அண்ணன் ஒருவர் டாக்டர். அந்த அண்ணனின் பெயர்தான் கார்லோஸ். தங்கைக்குச் சித்திரம் எழுதுவதில் இருந்த ஆசையைப் பார்த்து அவர்தான் ஆதரவு காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஒரு தீவிலிருந்து கப்பலேறி, கல்யாணமாகாத ஒரு பெண் பாரிஸ் நகரத்துக்குச் சித்திரக்கலை படிக்கப் போனாள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? மூன்று வருஷம் படித்தார். பரிசுப் பதக்கங்கள்கூட வாங்கினார். அப்புறம் பணமுடை வந்துவிட்டது. படிப்பு நின்றது. ஊர் திரும்பினார். 1882-ல் நியூயார்க் புரூக்ளினில் கல்யாணம். அடுத்த வருஷமே மூத்த பிள்ளை பிறந்தான். தகப்பன் பெயர் வில்லியம். தாய்மாமன் பெயர் கார்லோஸ். இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். இளையவன் எட்கார் பின்னால் கட்டடக் கலைஞரானான்.

தூரிகையும் வர்ணமும் பெட்டிக்குள் போயின. பாரிஸைக் கண்ட அந்த அம்மாள், மீதி ஆயுள் முழுவதையும் ரூதர்ஃபோர்டில், சரியாக வசப்படாத இங்கிலீஷுக்கு மத்தியில் கழித்தார். இங்கிலீஷ் அவருக்குக் கடைசி வரையில் வெளி மனிதர்களின் பாஷையாகவே இருந்தது. ஸ்பானிஷில் நினைப்பார், கோபம் வந்தால் பிரெஞ்சும் கூட வரும்.

தகப்பனார் வில்லியம் ஜார்ஜ் வில்லியம்ஸ் கதை வேறு மாதிரி. பிறப்பால் இங்கிலீஷ்காரர், பர்மிங்ஹாம் நகரத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயாருடன் கடல் தாண்டி வந்து கரிபியன் தீவுகளிலே வளர்ந்தார். ஆகையால் ஸ்பானிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'புளோரிடா வாட்டர்' என்று ஒரு வாசனைத் தண்ணீர் உண்டல்லவா? ஓ-டி-கொலோன் மாதிரி. அதைத் தயாரித்த லான்மன் அண்டு கெம்ப் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கெல்லாம் போய் வியாபாரத்தைக் கவனிப்பது அவர் வேலை. அமெரிக்காவில் எத்தனையோ வருஷம் இருந்தும் கடைசி வரையில் பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தார். பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் வாசித்துக் காட்டினார். சம்சாரத்தோடு பேசியது ஸ்பானிஷில்.

அந்த வீட்டில் ஸ்பானிஷ் பேசாத ஒரே பெரிய மனுஷி, தகப்பனாரைப் பெற்ற பாட்டியம்மாள். பெயர் எமிலி டிக்கின்ஸன் வெல்கம். (புகழ் பெற்ற கவியரசி எமிலி டிக்கின்ஸன் வேறு, இவர் வேறு.) இந்தப் பாட்டி, மூத்த பேரன் பிறந்த உடனேயே அவனைத் தன்னுடைய சொத்தாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார். மருமகளோ தீவுக்காரி, வாயில் இங்கிலீஷ் நுழையாதவள். குழந்தையை அசல் இங்கிலீஷ்காரனாக வளர்க்க வேண்டுமானால் தன் கையில்தான் வளர வேண்டும் என்பது பாட்டியின் கட்சி. ஒரு நாள் பேச்சு தடித்தது. மருமகள் மாமியார் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்! நான் கட்டிச் சொல்லவில்லை. 1951-ல் வெளியிட்ட சுயசரிதையில் வில்லியம்ஸே எழுதியிருக்கிறார். சாகிற வரையில் அந்த அறையைத் தன் தாயார் சந்தோஷமாக ஞாபகம் வைத்திருந்தார் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

அறைந்தது நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தச் சண்டை வெறும் அடுப்படிச் சண்டை அல்ல. குழந்தையின் நாக்கு யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. அப்படிப் பார்த்தால், பிற்காலத்தில் அமெரிக்கக் கவிதையில் நடந்த ஒரு பெரிய வியாஜ்யத்தின் முதல் விசாரணை ரூதர்ஃபோர்டிலே அந்தக் கூடத்திலேயே நடந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஜெயித்தது யார்? மேலுக்குப் பார்த்தால் பாட்டிதான். பையன் இங்கிலீஷில் பேசினான், இங்கிலீஷில் படித்தான், இங்கிலீஷில் எழுதினான். 1909-ல் உள்ளூர் அச்சாபீசில் சொந்தச் செலவில் முதல் கவிதைப் புத்தகத்தை அச்சடித்தான். விலை கால் டாலர். நாலே நாலு பிரதிகள் விற்றதாம். கவிதைகள் எல்லாம் ஆங்கில மகாகவி கீட்ஸின் பாணியில், பூவும் தேனும் வழிய எழுதியவை. அதன் முகப்பில் பெயர் எப்படிப் போட்டிருக்கிறது தெரியுமா? 'வில்லியம் ஸி. வில்லியம்ஸ்'. மாமா கார்லோஸ் ஒற்றை எழுத்துக்குள் மடங்கிக் கிடந்தார்.

நாலு வருஷம் கழித்து, 1913-ல், லண்டனில் இரண்டாவது புத்தகம் வெளிவந்தது. இப்போது முகப்பில் 'வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ்' என்று முழுசாகப் பெயர். புத்தகத்தைச் சமர்ப்பித்திருப்பது மாமா கார்லோஸ் ஹோஹெப்புக்கு. உள்ளே, ஸ்பெயின் தேசத்துப் பழைய கதைப்பாட்டுகள் சிலவற்றின் மொழிபெயர்ப்பு. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இது தற்செயலாக நடந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒரு பையன் திரும்பி, தாய்வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்த மாதிரி இருக்கிறது.

அதற்கு அடுத்த புத்தகம்தான் பெரிய வேடிக்கை. 1917-ல் வந்தது. அமெரிக்கர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பு ஸ்பானிஷில்! 'அல் கே கியெரே!' 'வேண்டும் என்கிறவனுக்கு' என்று அர்த்தம். இந்தத் தலைப்பு ஏன் என்று கேட்டபோது, கால்பந்து ஆட்டத்தைத்தான் காரணமாகச் சொன்னார். 1897-ல் தகப்பனார் கம்பெனி வேலையாகத் தென் அமெரிக்காவில் புவனஸ் அயர்ஸ் நகரத்துக்குப் போய்விட, தாயார் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஜெனீவா நகருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களைச் சேர்த்தார். அங்கே தன்னைவிட மூத்த ஒரு பையன் மைதானத்தில் நின்ற தோற்றம் வில்லியம்ஸின் மனத்தில் பதிந்துவிட்டது. பந்து வேண்டுமென்று நிற்கிறவனுக்குப் பந்து! அந்த மாதிரி, என் கவிதை யாருக்கு வேண்டுமோ அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று எண்ணினார்.

புத்தகத்தின் உள்ளேயும் ஸ்பானிஷ் தலை காட்டுகிறது. ஒரு கவிதைக்கு 'எல் ஓம்ப்ரே', அதாவது 'மனிதன்', என்று பெயர். அது நாலே வரி. விடியற்காலையில் தனியாகப் பிரகாசிக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பற்றியது. இன்னொன்றுக்கு 'முஹேர்', அதாவது 'பெண்'. சரி, ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துப் படித்தால், அது ஓயாமல் குட்டி போட்டுச் சலித்துப்போன ஒரு கறுப்புப் பூனையைப் பற்றியது! பிரசவம் பார்க்கிற டாக்டருக்குத்தான் இந்தத் தலைப்புத் தோன்றும். வாசகிகள் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தீர்மானிக்கச் சற்றுச் சிரமப்படுவார்கள். நான் இரண்டும் செய்தேன்.

தலைப்புக்கு ஸ்பானிஷ் வைத்துவிட்டால் போதுமா, கவிதையில் அது என்ன செய்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் விஷயம் ருசியாகிறது. கொஞ்சம் இலக்கணம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலக் கவிதையில் ஷேக்ஸ்பியர் காலத்துக்கும் முன்பிருந்து ஒரு வரி ராஜ்யம் செய்துகொண்டிருந்தது. பத்து அசை, அதில் மெதுவாக, பலமாக, மெதுவாக, பலமாக என்று ஐந்து தட்டு. நாடகமா, காவியமா, காதல் பாட்டா, எதற்கும் இதே வரிதான். அற்புதமான வரி; சந்தேகமில்லை. ஆனால் முந்நூறு வருஷம் எல்லோரும் ஏறிப்போன பல்லக்கு. அதில் உட்கார்ந்தவுடன் யாருக்கும் ஷேக்ஸ்பியர் குரல் வந்துவிடும். ரூதர்ஃபோர்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடிவருகிற ஒரு தொழிலாளியின் மனைவி அப்படியா பேசுகிறாள்? அவள் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. பாதியில் நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது. அவளை அந்தப் பல்லக்கில் ஏற்றினால் அவள் அவளாக இருக்க மாட்டாள்.

ஸ்பெயின் தேசத்தில் நிலைமை வேறு. அங்கே 'ரொமான்ஸே' என்று ஒரு வகைக் கதைப்பாட்டு நெடுங்காலமாக மக்கள் வாயில் இருந்து வருகிறது. யுத்தம், காதல், துரோகம், எல்லைச் சண்டை எல்லாம் அதில் உண்டு. வரி குட்டை, எட்டே அசை. வரி விட்டு வரி, கடைசியில் வருகிற உயிரோசை மட்டும் ஒத்துப்போனால் போதும்; முழு எதுகை தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடிப் பாடியே காப்பாற்றிய பாட்டு இது. பதினாறாம் நூற்றாண்டில் பொஸ்கான், கார்ஸிலாஸோ என்ற இரண்டு ஸ்பானியக் கவிஞர்கள் இத்தாலியிலிருந்து நீளமான பதினோரு அசை வரியைக் கொண்டுவந்தார்கள். புதுச் சரக்குக்கு மதிப்பு வந்தது. ஆனால் பழைய எட்டு அசை சாகவில்லை. பெரிய பெரிய பண்டிதக் கவிகள்கூட இத்தாலிய வரியில் ஒன்று எழுதினால், நாட்டுப்பாட்டு வரியில் ஒன்று எழுதினார்கள்.

1913-ல் வில்லியம்ஸ் மொழிபெயர்த்த பாட்டுகள் இந்த ரகத்தைச் சேர்ந்தவைதாம். பல்லக்கில் ஏறாமலும் கவிதை நடந்துபோக முடியும், அதுவும் கௌரவத்தோடு நடக்க முடியும் என்பதற்கு அவர் கையிலேயே சாட்சி இருந்தது. 1917 புத்தகத்தில் அவருடைய வரிகள் குட்டையாகிவிட்டன. கீட்ஸின் தேன் வற்றிவிட்டது. பேச்சு வந்துவிட்டது.

ஸ்பானிஷ் ஒன்றினால்தான் இது நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து நவீன ஓவியர்கள் அவருக்குச் சிநேகிதர்கள். விட்மன் என்ற அமெரிக்க மகாகவி ஏற்கெனவே வேலியை உடைத்திருந்தார். கல்லூரி நண்பர் எஸ்ரா பவுண்டு லண்டனிலிருந்து காகிதம் காகிதமாகப் புத்திமதி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தப் பவுண்டு ஒரு கடிதத்தில், நீ ஓர் அந்நியன், உனக்கு அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி செய்தார். அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்கு ஓடிப்போனவர் பவுண்டு. அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருந்தவர் வில்லியம்ஸ். ஆனாலும் அந்நியன் பட்டம் இவருக்கு! வேறொருவர் என்றால் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். வில்லியம்ஸ் அதை 1920-ல் தம்முடைய ஒரு புத்தகத்தின் முன்னுரையிலே எடுத்துப் போட்டார்.

அந்த முன்னுரை யாரைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறது தெரியுமா? தாயாரைப் பற்றி. ரோமாபுரியில் வழி தவறிப்போன தாயாரைப் பற்றி. எந்தப் பொருளைப் பார்த்தாலும், முன்னும் பின்னும் யோசித்துக்கொண்டிராமல், அதை மாத்திரம் கூர்ந்து பார்க்கிற கண் தாயாருக்கு இருந்தது என்று வியக்கிறார். தள்ளுவண்டியைத் தள்ளுவண்டியாகவே பார்த்த பிள்ளைக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. பாரிஸில் பதக்கம் வாங்கிய கண் அல்லவா அது!

தகப்பனாருக்கும் இதில் பங்கு உண்டு. 1916-ல் நியூயார்க் சிறுபத்திரிகை ஒன்று தென் அமெரிக்கக் கவிதைகளுக்கென்று தனி இதழ் போட்டபோது, தகப்பனும் பிள்ளையுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். குவாதமாலா நாட்டு ஆசிரியர் அரேவலோ மார்த்தினெஸ் என்பவரின் 'குதிரை மாதிரி இருந்த மனிதன்' என்ற விசித்திரமான கதையையும் இருவரும் சேர்ந்து இங்கிலீஷாக்கினார்கள். அது 1918 கடைசியில் அச்சில் வந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் தினத்திலேயே தகப்பனார் காலமானார். கொஞ்ச நாள் கழித்து பிள்ளைக்கு ஒரு சொப்பனம். தகப்பனார் கையில் ஆபீஸ் கடிதங்களோடு மாடிப்படி இறங்கி வருகிறார். பிள்ளையைப் பார்த்து, நீ எழுதுகிறாயே கவிதை, அது உதவாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்! நடுங்கிப்போய் விழித்துக்கொண்டதாக வில்லியம்ஸ் எழுதுகிறார். விமரிசகர்கள் சொன்னதையெல்லாம் தூசியாகத் தட்டிவிட்டவர், இதை மட்டும் மறக்கவில்லை.

ஆவி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் ஆவிகளோடு பேசும் பழக்கமும் இருந்தது. எலேனா அம்மாளுக்கு எதிர்பாராத நேரத்தில் ஆவேசம் வந்துவிடும். இறந்துபோனவர்கள் அவர் மூலமாகப் பேசுவதாக வீட்டார் நம்பினார்கள். குழந்தைகள் பயந்து ஒடுங்கி நிற்பார்கள். தெரியாத குரல் ஒன்று, தெரிந்தவர் வாய் வழியாகப் பேசுவதைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்ட பிள்ளை, பிற்காலத்தில் பிறர் குரலையெல்லாம் தன் கவிதையில் பேசவிட்டதில் ஆச்சரியம் என்ன? ஒரு கூட்டத்தில் யாரோ, உங்கள் பாஷை எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, போலந்துத் தாய்மார்களின் வாயிலிருந்து வருகிறது என்று பதில் சொன்னார் இவர். கேட்டவர் அதோடு திருப்தியடைந்துவிட்டார் போலும். அதற்கும் முன்னால் ஒரு தாயார் இருந்தாரே, அவர் வாய்?

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. கவிஞர் லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். ரூதர்ஃபோர்டு டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஸ்பெயின் குடியரசுக்கு வைத்திய உதவி அனுப்பத் தம் ஜில்லாவில் ஏற்பட்ட கமிட்டிக்குத் தலைமை வகித்தார். போர்க்களத்துப் பாட்டுகள் ஐம்பதை நியூயார்க்கில் ஒரு தொகுதியாக 1937-ல் கொண்டுவந்தபோது, மொழிபெயர்த்தவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பாட்டுகளின் அச்சும் பழைய ரொமான்ஸேதான்! பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கும் அந்த எட்டு அசை வாயில் வந்திருக்கிறது. 1939-ல் லோர்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் வாயில் வழங்கிய பழைய வடிவத்தில் வேர் விட்டதால்தான் லோர்காவுக்கு அவ்வளவு பலம் என்பது அதன் சாரம்.

1941-ல் தாயாரின் தீவுக்கே போகும் சந்தர்ப்பம் கிடைத்தது. போர்ட்டோ ரிக்கோ சர்வகலாசாலையில் எழுத்தாளர் மகாநாடு. ஐம்பத்தேழு வயதில், பிள்ளைப் பிராயத்திலிருந்து காதால் மட்டும் கேட்டிருந்த ஊரைக் கண்ணால் பார்த்தார். அமெரிக்கக் கவிஞன் இங்கிலாந்து தேசத்து ஐந்து தட்டு வரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை; ஸ்பானியப் பழம்பாட்டின் தளர்ந்த குட்டை வரி அவன் பேச்சுக்கு நெருக்கமானது என்ற பொருள்பட அங்கே பேசினார். திரும்பி வந்து, அந்தத் தீவின் கவிஞர் லூயிஸ் பாலேஸ் மாத்தோஸ் எழுதிய ஒரு கவிதையை மொழிபெயர்த்தார். அதற்கப்புறம் சிலி நாட்டு நெரூடா, மெக்ஸிகோவின் ஒக்தாவியோ பாஸ் என்று பட்டியல் நீண்டது.

இனி அந்த அம்மாள் என்ன ஆனார் என்று பார்க்கலாம். வயோதிகத்தில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வருஷக் கணக்காகப் படுக்கையும் நாற்காலியும்தான். கணவர் இல்லை. ஸ்பானிஷ் பேச ஆள் இல்லை. இந்த ஊரில் வந்து மாட்டிக்கொண்டோமே என்ற ஏக்கம் வேறு. பேச்சில் முள் இருக்கும். வில்லியம்ஸ் 1936-ல் தாயாரை மனத்தில் வைத்து 'ஏவாள்' என்று ஒரு கவிதை எழுதினார். அதில் பாதி மன்னிப்பு, பாதி சண்டை. பெற்ற தாயை நடுவில் வைத்து எழுதும்போது அவர் சர்க்கரை தடவவில்லை.

டாக்டர் பிள்ளை ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். வீட்டில் ஒரு பழைய ஸ்பானிஷ் புத்தகம் கிடந்தது. எஸ்ரா பவுண்டு ஒரு சமயம் வந்தபோது விட்டுப்போனது. 'நாயும் காய்ச்சலும்' என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் கெவேதோ என்ற பெரிய நையாண்டி எழுத்தாளர் எழுதியதாக அதில் போட்டிருந்தது. (உண்மையில் அது அவருடைய சமகாலத்தவரான பெத்ரோ எஸ்பினோஸா எழுதியது என்பது ஆராய்ச்சிக்காரர்கள் இன்று கொண்டுள்ள முடிவு.) முழுக்க முழுக்கப் பழமொழி, ஜாடைப் பேச்சு, இரட்டை அர்த்தம், குத்தல். பண்டிதர்களுக்கே தொண்டையில் முள்ளாகச் சிக்கும். "அம்மா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று தாயார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மருந்து வேலை செய்தது. ஒரு பழமொழிக்கு அர்த்தம் கேட்டால், அதற்கு மயாகுவெஸில் நடந்த ஒரு கதை வரும். கதைக்குள் ஒரு மாமா வருவார். மாமாவுக்குப் பின்னால் ஒரு பாட்டு வரும். புத்தகம் ஒரு பக்கம் நகர ஒரு வாரம் ஆனாலும் பிள்ளைக்குக் கவலை இல்லை. தாயார் இங்கிலீஷ் சொல் அகப்படாமல் திணறி, அவராகவே ஒரு சொல்லைப் பிடித்துப் போடுவார் பாருங்கள், அதில்தான் இவருக்குக் கண். தாயார் பேசுவதைச் சட்டென்று கிடைத்த காகிதத்தில் குறித்துக்கொள்வார். நோயாளிகள் பேச்சைக் குறித்துக்கொண்ட அதே பழக்கம். இங்கே நோயாளி தாயார்.

எனக்கு வில்லியம்ஸிடம் பிடித்தது அவருடைய தள்ளுவண்டி அல்ல, இந்த நாற்காலிதான். ஒரு பாஷை வீட்டில் பேசப்பட்டும், பிள்ளைகள் அதில் பதில் சொல்லாமல் போனால், அது மெள்ள மெள்ளப் பெரியவர்களின் புலம்பலாகச் சுருங்கிவிடும். அப்புறம் அவர்கள் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். எழுதப் புகழும் நோயாளிக் கூட்டமும் உள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அந்தப் பாஷைக்கு மாணாக்கனாகத் தாயார் எதிரில் போய் உட்கார்ந்தார் என்றால், அவர் அங்கே வாங்கிக்கொண்டது வெறும் வார்த்தைக்கு அர்த்தம் மட்டுமா?

ஹூலியோ மார்ஸான் என்ற அறிஞர் 1994-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வில்லியம்ஸுக்குள் 'பில்' என்ற அமெரிக்கரும் 'கார்லோஸ்' என்ற ஸ்பானியரும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இங்கிலீஷ் வரிக்கு அடியிலெல்லாம் ஸ்பானிஷ் சிலேடையைத் தோண்டி எடுக்கிறார். சில இடங்களில் கிணறு வெட்டக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அவருக்கு முன்னால் பல பேர் கார்லோஸ் என்ற பெயரைத் தாண்டிக்கொண்டே போனார்கள், நின்று, "யார் ஐயா நீர்?" என்று உரக்கக் கேட்டவர் அவர். 2011-ல் வில்லியம்ஸ் ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்த்த கவிதைகளையெல்லாம் ஒன்று சேர்த்து ஜொனாதன் கோஹன் பதிப்பித்தார். 1916-லிருந்து 1959 வரை, ஏறக்குறைய எழுத்து வாழ்க்கை முழுவதும், அந்த வேலை நிற்கவே இல்லை என்பது அதைப் பார்த்தால் தெரிகிறது.

எலேனா அம்மாள் 1949-ல் முதிர்ந்த வயதில் காலமானார். பத்து வருஷம் கழித்து, அந்தத் துண்டுக் காகிதங்களையெல்லாம் சேர்த்துப் பிள்ளை ஒரு புத்தகமாக வெளியிட்டார். 'ஆமாம், மிஸஸ் வில்லியம்ஸ்' என்று பெயர். தாயாரின் பேச்சு, கோபம், பாட்டு, தீவுக் கதைகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

அதற்கும் முன்னால், 1954-ல், நாயும் காய்ச்சலும் அச்சேறியது. முகப்பிலே மொழிபெயர்த்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் போட்டிருக்கிறது. ஒன்று வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். மற்றது ராக்கெல் ஹெலேன் வில்லியம்ஸ்.